சிவப்புப் புல்லில் நின்ற பச்சைக் கோட்டுப் படை

என் வீட்டுக்காரருக்கு சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பார்வை மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஊசியில் நூல் கோக்க அவர் என்னை அழைக்க மாட்டார், நான்தான் அவரை அழைப்பேன். கண்ணாடிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைச் சாணை பிடித்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. எங்கள் ஊரில் பாதிப்பேர் அவர் கைபட்ட கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். அவரிடம் ஒரு தக்காளியைக் கொடுத்துப் பழமா காயா என்று கேட்டால் மட்டும் அமுக்கிப் பார்த்துத்தான் சொல்வார். அதனால் காய்கறிக்கடைக்கு நான்தான் போவது.

கல்யாணமான புதிதில் இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் நல்ல சிவப்பில் உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது, "இந்த மண்ணு கலர் உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வாலிபத்தில் ரயில் ஓட்டும் வேலைக்கு ஆள் எடுத்தபோது தேர்வுக்குப் போயிருக்கிறார். எழுத்து, ஓட்டம், உயரம், எல்லாம் தேறிவிட்டார். கடைசி அறையில் புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி, இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம். இவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்ற அவர் அப்பா, "வெளிய மூச்சு விடாதடா, வயசு பத்தலன்னு சொல்லிக்கலாம்" என்று கூட்டிவந்துவிட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். கூடப் பிறந்த தங்கைக்குக்கூடத் தெரியாது.

இப்படிப்பட்ட மனுஷன் கையில் பிரஷ் எப்படி வந்தது என்றால், அதற்குப் பொத்தான் அண்ணன்தான் காரணம்.

அவர் கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவர். ஒரு நாள் உடைந்த பூதக்கண்ணாடி ஒன்றைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். சரியாயிற்றா என்று பார்க்கத் தீப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு சிப்பாயை எடுத்து மேஜையில் நிறுத்தினார். ஈயத்தில் வார்த்தது. கட்டைவிரல் உயரம்கூட இல்லை. கோட்டு, குறுக்குவார், தோளில் துப்பாக்கி, முகத்தில் மீசை, எல்லாம் சாயம் பூசியிருந்தது. "பொத்தான் தெரியுதா பாருங்க, எத்தனைன்னு எண்ணுங்க" என்றாராம். இவர் எண்ணினார். அன்றிலிருந்து மனசு அந்தப் பொத்தானிலேயே மாட்டிக்கொண்டது.

மரச்சாமான் கடை மாடியில் ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறது. பெரிய மேஜை மேல் மலை, ஆறு, காடு எல்லாம் செய்து வைத்து, அந்தக் காலத்தில் கப்பலேறி வந்து நாடு பிடித்தவர்களின் படையையும், அவர்களை எதிர்த்து நின்ற மலைநாட்டு ராஜாவின் படையையும் எதிரெதிரே நிறுத்தி, டேப் வைத்து அளந்து, பகடை உருட்டி விளையாடுவார்கள். எல்லாரும் தலை நரைத்தவர்கள். பேக்கரிக்காரர் ஒவ்வொரு சிப்பாயின் கோட்டிலும் பொத்தான் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பதால் அவருக்குப் பொத்தான் அண்ணன் என்று பேர் வைத்தது அங்கே வரும் ஆம்புலன்ஸ் டிரைவர். பிறகு அந்தக் கூட்டத்தில் சேர்ந்த என் வீட்டுக்காரருக்கு லென்ஸ் என்று பேர் வைத்ததும் அவர்தான்.

சாயம் பூச முதன்முதலில் சிப்பாய்கள் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. சண்டைக்காரர்களை வீட்டில் வைத்துச் சீராட்டுவது பாவமில்லையா என்று கேட்டேன்.

"இவன் யாரைடி சுடப் போறான்? துப்பாக்கியில ஓட்டையே கெடையாது, உத்துப் பாரு" என்றார்.

"அதுக்காக நாடு புடிக்க வந்தவனுக்கு இவ்வளவு அழகா மீசை வரையணுமா?"

"வந்தவன் கொஞ்சப் பேருதான். மீதி எல்லாம் வயித்துப்பாட்டுக்குச் சேந்த உள்ளூர் ஆளுங்களாம், பொத்தானண்ணன் சொன்னாரு. கோட்டுதான் அவங்களோடது. மூஞ்சி நம்மளது."

இவர்களால் யாருக்கும் ஒரு தீங்கும் வராமல் பார்த்துக்கொள் ஆண்டவனே என்று வேண்டிக்கொண்டதோடு சரி.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிப்பாயின் உடம்பில் வார்ப்பின் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்துவிடுவார். சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுவார். காலி மருந்துப் புட்டியின் தலையில் பசை வைத்து ஒட்டி, புட்டியைப் பிடித்துக்கொண்டு சாயம் பூசுவார். முதலில் உடம்பெல்லாம் கறுப்பு. அதன்மேல் கோட்டு நிறம். அது காய்ந்த பிறகு கோட்டின் மடிப்பு எங்கே மேடாக இருக்கிறதோ அங்கே மட்டும் வெளிறிய சாயம். நிறம் தெரியாவிட்டாலும் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே ஒதுங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பூசிய கோட்டைப் பார்த்தால் துணியைத் துவைத்துப் போட்டது மாதிரி இருக்கும்.

நிறத்துக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். நீலம், மஞ்சள், வெள்ளை, கறுப்பு அவருக்குச் சிக்கலில்லை. மற்ற டப்பிகளின் மூடியில் மட்டும் நான் காகிதம் ஒட்டி, சிவப்பு, பச்சை, செங்கல், இலை என்று பெரிதாக எழுதி, மேலே டேப் ஒட்டிவிடுவேன். டப்பிகள் அலமாரித் தட்டில் வரிசையாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் மூடிதான் தெரியும். அதைப் படித்து எடுத்துக்கொள்வார். சந்தேகம் வந்தால் என்னை ஒரு குரல் கூப்பிடுவார். நான் அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்து, "ம்" என்பேன். இதுதான் எங்கள் ரகசியம்.

"சொல்லிட்டாத்தான் என்ன?" என்று கேட்டிருக்கிறேன்.

"சிவப்பே தெரியாதவன் கையில சிவப்புக் கோட்டை எவன் குடுப்பான்? மாடிப்படியோட அனுப்பிடுவாங்க" என்பார். அந்த மாடியில்தான் அவர் வாய்விட்டுச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். கடையில் பேச்சு கிடையாது, வீட்டில் அளந்துதான் பேச்சு. அங்கே போய்வந்த நாளில் மட்டும் சாப்பிடும்போது கதை சொல்லுவார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் அவருக்குக் கொடுத்ததெல்லாம் ஓரத்து ஆட்கள்தான். பீரங்கி இழுக்கிற கழுதை, தண்ணீர் சுமக்கிறவன், நீலச் சட்டை போட்ட பீரங்கிக்காரன். போன வருஷம் ஆண்டு ஆட்டத்துக்குப் பொத்தான் அண்ணன் தன்னுடைய நடுப்படையையே இவர் கையில் கொடுத்தார். சாயம் பூசாத ஈயச் சிப்பாய்கள், ஒரு பெட்டி நிறைய. ஆட்டத்தில் முன்னால் நிற்கப்போகும் சிவப்புக் கோட்டு ரெஜிமெண்ட். பெட்டியைக் கொண்டுவந்த அன்று இவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நான் போயாக வேண்டும். சமைத்துப் போட நாத்தனார் வந்தாள். தங்கமான மனசு அவளுக்கு, ஆனால் தூசியைக் கண்டால் தூக்கம் வராது. வீட்டில் எந்தப் பொருளும் இருந்த இடத்தில் இருக்க விடமாட்டாள். நான் கிளம்பும்போது, "அலமாரிய மட்டும் தொடாத" என்று அவர் தங்கையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நான் எதுக்குண்ணே உன் பொம்மையைத் தொடப்போறேன்?" என்றாள் அவள். பொம்மையைத் தொடவில்லை, உண்மைதான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம் திரும்பி வந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணி, வாங்க வாங்க, அண்ணன் என்னமா பண்ணியிருக்கு பாருங்க! உசுரோட நிக்கிறாங்க."

தட்டு நிறையச் சிப்பாய்கள் நின்றார்கள். வார்னிஷ் அடித்து, காலடியில் மணல் ஒட்டி, புல்லும் வைத்து எல்லாம் முடிந்திருந்தது. கோட்டெல்லாம் பச்சை. புல்லெல்லாம் ரத்தச் சிவப்பு.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

எனக்குப் பொய் வராது. "மடிப்பெல்லாம் நல்லா வந்திருக்கு" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "மடிப்பைக் கேக்கல" என்றார். எழுந்து போய்ச் சிவப்பு என்று எழுதிய மூடியைத் திறந்து டப்பியை என்னிடம் நீட்டினார்.

"பச்சைங்க" என்றேன்.

நாத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மூடியெல்லாம் ஒரே பிசுக்கா இருந்துச்சு, எல்லாத்தையும் வெந்நீர்ல போட்டுக் கழுவித் திரும்ப மூடி வச்சேன். அதுக்கென்ன இப்ப? பச்சைக் கோட்டு நல்லாத்தானே இருக்கு?"

"புல்லு செவப்பா இருக்கே, அதுகூடவா கேக்கத் தோணல?" என்றேன்.

"சண்டை நடக்கிற எடம்தானே அண்ணி, ரத்தம்னு நெனச்சேன். அதைப் பாத்துட்டு எனக்குச் சோறே எறங்கல."

அதற்கு மேல் மறைக்க வழியில்லை. அவரே சொன்னார். ரயில் வேலையிலிருந்து தக்காளி வரை சொன்னார். நாத்தனார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதனாலதான் சின்ன வயசுல பழம் பறிக்கச் சொன்னா கூடை நெறையக் காயாப் பறிச்சிட்டு வந்தியா! அப்பா கிட்ட எத்தனை அடி வாங்கின! நான் வேற நின்னு சிரிச்சேனேண்ணே." அழுதாள், நடுவில் சிரிப்பும் வந்தது அவளுக்கு.

திரும்பப் பூசலாமே என்று கேட்டேன். கறுப்பிலிருந்து தொடங்க வேண்டும், ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும், காலைக்குள் ஆகிற வேலையில்லை என்றார். தட்டின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

"நாளைக்கு நான் போகல. அவர் வந்து கேட்டா காய்ச்சல்னு சொல்லிடு."

"நான் பொய் சொல்ல மாட்டேங்க."

"அப்ப தலைவலின்னு சொல்லு. தலைவலி நெசமாவே இருக்கு."

"அண்ணே, நான் சொல்றேன்" என்றாள் நாத்தனார். "நான்தான் தெரியாம பெயிண்ட் அடிச்சுக் கெடுத்துட்டேன்னு சொல்லிடறேன். எனக்கென்ன, இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்கேன்."

அவர் கொஞ்சநேரம் அதையும் யோசித்த மாதிரிதான் தெரிந்தது. நான் உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கோட்டைச் சிவப்பாக்கு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, அதெல்லாம் ஆண்டவன் வேலையா? இவருக்கு அந்த மாடிப்படி இல்லாமல் போய்விடக் கூடாது என்று மட்டும் கேட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "நீயும் வா" என்றார். நாத்தனார் கூப்பிடாமலே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

மரச்சாமான் கடை மாடியில் வார்னிஷ் வாசம். மேஜை என்றால் சாதாரண மேஜையா அது! தெர்மாகோலை அறுத்துச் செய்த மலைகள், குளிக்கிற ஸ்பாஞ்சைக் கிழித்துச் செய்த மரங்கள், பளபளவென்று ஓர் ஆறு. மலைப்பக்கம் ராஜாவின் ஆட்கள் ஏற்கெனவே வரிசை கட்டியிருந்தார்கள். எதிரில் நடுவிடம் மட்டும் காலியாக இருந்தது. எங்கள் தட்டுக்காகத்தான்.

பொத்தான் அண்ணன் துணியை எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க இது?"

ஆம்புலன்ஸ் டிரைவர் யூனிபாரத்தோடு இருந்தார், எப்போது அழைப்பு வந்தாலும் ஓட வேண்டுமென்று. எட்டிப் பார்த்துவிட்டு, "பொத்தானண்ணே, உங்க ஆளுங்க கெணத்துல விழுந்து பாசி புடிச்சுல்ல வந்திருக்காங்க!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. அதைக் கண்டு டிரைவர் சட்டென்று குரலை மாற்றினார்.

"இருங்க இருங்க. அந்தக் காலத்துல குறி பாத்துச் சுடுற ஆளுங்க பச்சைக் கோட்டு போட்டிருந்தாங்கல்ல? லென்ஸு அதைத்தான் பண்ணியிருக்காரு. அப்படித்தானே லென்ஸு?"

பொத்தான் அண்ணனின் முகம் கொஞ்சம் இளகியது. "அப்படின்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே…"

தலையை ஆட்டினால் போதும். என் வீட்டுக்காரர் தலை ஆடாமல் நின்றது. நாத்தனார் என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"இல்லீங்க" என்றார் அவர். "சிவப்புன்னு நெனச்சுத்தான் பூசினேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பொறந்ததுலேருந்தே இப்படித்தான். உங்ககிட்ட சொல்லாம மறைச்சிட்டேன்."

பொத்தான் அண்ணன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"தெரியாதுன்னா?" என்றார் பொத்தான் அண்ணன். "அப்ப கழுதை மேல போட்ட சிவப்புச் சேணம்?"

"என் சம்சாரம் டப்பி மூடியில கலர் பேரை எழுதி ஒட்டிக் குடுத்துச்சு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

பொத்தான் அண்ணனுக்குக் கோபம்தான். அதில் தப்பில்லை. "வருஷம் பூரா இதுக்காகப் படிச்சிருக்கேன். எந்த ரெஜிமெண்ட், எந்தக் காலர், எந்த நாள்னு பாத்துப் பாத்து… இதை எப்படிங்க நடுவுல நிறுத்துறது?"

"நெசந்தாங்க" என்று இவர் துணியை எடுத்து மூடப் போனார்.

"பொத்தானண்ணே" என்றார் டிரைவர். "சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டு ஒரு கேக்கு கொண்டு வந்தீங்களே. நாங்க திங்கலையா?"

"அது கடைப்பையன் பண்ணின வேலைய்யா."

"எவன் பண்ணினா என்ன, தின்ன வாய் எங்களுது."

நாத்தனாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "மூடியைக் கழுவினது நான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. அந்தப் புல்லை ரத்தம்னு நெனச்சுப் பட்டினி கெடந்தேன், அதுக்கும் சேத்துத் திட்டுங்க" என்றாள்.

"ரத்தமா?" என்றார் பொத்தான் அண்ணன். தட்டை மறுபடி பார்த்தார். உதட்டோரம் துடித்ததை அடக்கிக்கொண்டார். பைக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு சிப்பாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழே பார்த்தார். வாய் முணுமுணுத்தது. அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. நாங்கள் எல்லாரும் டாக்டர் முன்னால் நிற்பதுபோல் நின்றோம்.

"பொத்தானெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில், மனசில்லாத குரலில். "ம், வைங்க. நேரமாகுது."

ஆட்டம் தொடங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டேப்பை நீட்டுகிறார்கள், பகடையை உருட்டுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் கத்துகிறார்கள். புரிந்தது ஒன்றுதான். மலையிலிருந்து ராஜாவின் ஆட்கள் இறங்கியதும் முதலில் திரும்பி ஓடினது எங்கள் பச்சைக் கோட்டுக்காரர்கள். பொத்தான் அண்ணன் உருட்டிய பகடையில் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான் விழுந்தது. எனக்கு மானம் போய்விட்டது. ஆனால் மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் கை தட்டி, "புதுச் சாயம்! புதுச் சாயம்!" என்று கூவினார்கள்.

டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அக்கா, வருத்தப்படாதீங்க. புதுசா சாயம் பூசின படை மொத ஆட்டத்துல ஓடியே தீரும். இங்க இருக்கிற எல்லார் படையும் ஓடியிருக்கு. என்னோடது ஆத்துல விழுந்தே செத்துச்சு. இவங்க ஜெயிச்சிருந்தாத்தான் எங்களுக்குப் பொறாமை வந்திருக்கும்."

என் வீட்டுக்காரர் தோற்ற சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் கதையாகத்தான் கேட்டிருந்தேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

படியிறங்கும்போது பொத்தான் அண்ணன் தட்டை மறுபடியும் அவர் கையில் வைத்தார்.

"கோட்டு சிவப்பாகணும். புல்லு பச்சையாகணும். விட்டுட முடியாது."

"ஆமாங்க. தப்பு தப்புதான். மாத்தித் தந்துடறேன்."

"எப்படி மாத்துவீங்க? உங்க சம்சாரத்துக்கு வேற வேலை வெட்டி இல்லையா? செவ்வாக்கிழமை எனக்குக் கடை லீவு. நான் வந்து டப்பி எடுத்துத் தர்றேன்."

வந்தார். வாரம் தவறாமல் வருகிறார். சிப்பாய்கள் எல்லாரும் சிவப்புக்கு மாறியாகிவிட்டது, இப்போது பொத்தான் அண்ணனின் குதிரைப்படை எங்கள் மேஜையில் நிற்கிறது. போன வாரம் டிரைவரும் புதிதாகச் சேர்ந்த ஒருவரும் வந்திருந்தார்கள். அந்தப் புதியவர், பேக்கரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பியாக எடுத்துக் கொடுப்பதைப் பார்த்து, இது என்ன உபசாரம் என்று கேட்டார். பொத்தான் அண்ணன் தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "எனக்கு சிவப்பு பச்சை தெரியாதுங்க" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல், வெளியே மழை வருகிறது என்று சொல்வது மாதிரி.

"அப்படியா" என்று அவரும் டீயைக் குடித்தார்.

இப்போது பொத்தான் அண்ணனுக்கும் பிரஷ் பிடிக்கும் ஆசை வந்துவிட்டது. நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தால் இருவர் குரலும் கேட்கும்.

"அது மேடு இல்லீங்க, பள்ளம். பள்ளத்துல வெளிச்சம் விழுமா?"

"எனக்கு மேடாத்தான் தெரியுது."

"கேக்கு மேல க்ரீம் தடவற மாதிரி தடவாதீங்க, தொட்டும் தொடாம இழுங்க."

"கேக்கைப் பத்தி நீ பேசாத லென்ஸு. மொதல்ல அந்தக் கையை எடு, அது சிவப்பில்ல, செங்கல்."

"நீங்க குடுத்த டப்பிதானே?"

"நான் குடுத்தா? பாக்க வேண்டாமா?"

"பாத்தா மட்டும்?"

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வரை நான் என் வேலையைப் பார்க்கிறேன். சத்தம் நின்றால்தான் எட்டிப் பார்க்கிறேன்.